சைதாப்பேட்டையில் உட்கார்ந்து இங்கிலாந்துக் கிராமத்துக்கு மூலப் பத்திரம் தேடுவது எப்படி

போன வருடம் என் மகள் இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடு பார்த்தாள். விலை படிந்துவரும் போலிருந்தது. "அப்பா, ஒரு தடவை நீங்க பத்திரத்தைப் பாருங்களேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினாள். நான் சைதாப்பேட்டையில் 31 வருடம் பத்திரம் எழுதியவன். திறந்து பார்த்துவிட்டு "மீதி எங்கே?" என்றேன். மீதி இல்லையாம். உரிமையாளர் பெயர், ஒரு சின்ன வரைபடம், வங்கிக் கடன் பற்றி ஒரு வரி, அவ்வளவுதான். தாய்ப் பத்திரம் இல்லை, பாகப்பிரிவினை இல்லை, யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்ற கதையே இல்லை.

அங்கே முறை அப்படித்தான். அரசாங்க நிலப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் அதற்கு அரசாங்கமே உத்தரவாதம். பழைய காகிதம் யாருக்கும் தேவையில்லை. இந்தக் கட்டாயப் பதிவு இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் வந்து சேர்ந்ததே 1990 டிசம்பரில்தான். அதற்கு முன் விற்பவர் தன் உரிமையைக் காட்ட வேண்டிய காலத்தை 1925 சட்டம் 30 வருடமாக்கியது, 1969 சட்டம் 15 ஆகக் குறைத்தது. அப்புறம் எந்த வக்கீல் நானூறு வருடத்துத் தோல் சுருளைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவார்? நிறைய குப்பைக்குப் போயிற்று, தப்பியது மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்குப் போயிற்று. இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் பரவாயில்லை, 1617-லிருந்தே 'சேசின்ஸ்' என்று நிலப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அங்கே சட்டமே வேறு, ஆகவே இங்கே நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்.

பத்திரம் இல்லாவிட்டாலும் கதையைத் தோண்டி எடுக்க முடிகிறது. ஆறு மாதம் அதைத்தான் செய்தேன். ஒரு லேப்டாப்பும் நோட்டும் போதும். மகனோ மகளோ பேரனோ அங்கே இருப்பவர்களுக்கும், சென்னைக் கோட்டை மரியாள் ஆலயத்துக் கல்லறைப் பலகைகளைப் பார்த்துவிட்டு "இந்த ஆள் எந்த ஊர்க்காரன்?" என்று யோசிக்கிறவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள்

நம்மிடம் ஒரு சொத்து வந்தால் முதல் கேள்வி "எந்தக் கிராமம், என்ன சர்வே நம்பர்?" என்பதுதான். அங்கே முதல் கேள்வி "எந்த பாரிஷ், எந்த மேனர்?" இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் நான் முதல் ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

பாரிஷ் என்பது நம் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்கிறார்களே, சி.எஸ்.ஐ.க்காரர்கள் 'சேகரம்' என்கிறார்களே, அதுதான். ஒரு கோயில், அதற்கு ஒரு குருவானவர், அவருக்குத் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, கட்ட வேண்டிய எல்லை. 1601-ல் வந்த ஏழைகள் சட்டம் அந்தந்த பாரிஷ் தன் ஏழைக்குத் தானே சோறு போட வேண்டும் என்றது. அதிலிருந்து பாரிஷ் பாதி கோயில், பாதி பஞ்சாயத்து.

மேனர் என்பது நிலத்தின் பக்கம். ஜமீன் என்று சொல்லிவிடலாம் என்று கை பரபரக்கும், ஆனால் பாதிதான் பொருந்தும். ஜமீன்தார் அரசாங்கத்துக்குப் பேஷ்குஷ் என்ற கப்பம் கட்டுகிறவர், வசூல்தான் அவருடைய உயிர்நாடி. மேனருக்கு உயிர்நாடி அதன் கோர்ட். பிரபுவின் காரியஸ்தர் உட்காருவார், குடிகள் வந்து நிற்பார்கள், யார் செத்தார், யார் நிலம் யாருக்குப் போகிறது, யார் வரப்பை வெட்டினார் எல்லாம் அங்கே சுருளில் எழுதப்படும்.

ஒரு பாரிஷுக்குள் மூன்று மேனர் இருக்கலாம். ஒரு மேனர் இரண்டு பாரிஷில் கால் வைத்திருக்கலாம். ஆகவே நோட்டின் இடது பக்கம் பாரிஷ், வலது பக்கம் மேனர். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் (இவை 1538-லிருந்து பதிவாகின்றன), தசமபாகம், ஏழைகளுக்குச் செலவான கணக்கு எல்லாம் இடது பக்கம். கோர்ட் சுருள், குத்தகைப் பட்டியல், நில அளவை எல்லாம் வலது பக்கம். கலக்காதீர்கள்.

வரைபடத்தில் தொடங்கி, லத்தீனில் முடியுங்கள்

எல்லோரும் நேரே 1086-ம் வருடத்து ராஜாங்க நிலக் கணக்கான டூம்ஸ்டே புத்தகத்துக்கு ஓடுகிறார்கள். நான் யாரையும் பட்டாவில் தொடங்காமல் செப்பேட்டில் தொடங்கச் சொன்னதில்லை. இன்றிலிருந்து பின்னால் போங்கள்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்து, வேல்ஸின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசாங்க நில அளவைத் துறை) வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம். பழைய படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் வசதியும் உண்டு. உங்கள் வீடு விழும் தாக்கு (நிலத்துண்டு) எது, பக்கத்தில் கோயில் எங்கே, வண்டிப்பாதை எங்கே என்று சக்குபந்தி எழுதுவது மாதிரி நான்கெல்லையையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு ஆவணத்திலும் அந்த நான்கெல்லைதான் உங்களைக் கைபிடித்துக் கூட்டிப்போகும்.

அடுத்தது தசமபாக வரைபடம். எனக்கு மொத்தத் தேடலிலும் பிடித்த ஆவணம் இதுதான். அதுவரை பத்துக் கட்டுக்கு ஒரு கட்டு, பத்து ஆட்டுக்குட்டிக்கு ஒரு குட்டி என்று களத்திலேயே வாரம் பிரிப்பது போல நடந்துவந்ததை, 1836-ல் ஒரு சட்டம் போட்டுப் பணமாக மாற்றினார்கள். மாற்ற வேண்டுமென்றால் அளக்க வேண்டும். அளந்தார்கள். படம் நம் எஃப்.எம்.பி. (புல அளவை வரைபடம்) மாதிரி, கூடவே வரும் பட்டியல் அச்சு அசலாக நம் 'அ' பதிவேடு. தாக்கு எண், நிலத்துக்குரியவர், பயிர் செய்கிறவர், தாக்கின் பெயர், உழவா மேய்ச்சலா புல்வெளியா காடா என்ற விவரம், பரப்பு, கட்ட வேண்டிய தொகை.

பரப்பில்தான் தடுமாறுவீர்கள். மூன்று எண் இருக்கும்: ஏக்கர், ரூட், பெர்ச். ஒரு ஏக்கருக்கு 4 ரூட், ஒரு ரூட்டுக்கு 40 பெர்ச். உதாரணத்துக்கு 3-2-17 என்றிருந்தால் மூன்றரை ஏக்கரும் 17 பெர்ச்சும். 160 பெர்ச் ஒரு ஏக்கர் என்பதால் 17-ஐ 160-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பத்தரை சென்ட். ஆக மூன்று ஏக்கர் அறுபதரை சென்ட் சுமார். கிரவுண்டில் சொன்னால் அறுபத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே. தி.நகரில் அறுபத்தைந்து கிரவுண்டு என்று நினைத்துப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. 'நிலத்துக்குரியவர்' என்ற கலத்தில் பெயர் இருந்தால் அவருக்கே முழு உரிமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேனரிடமிருந்து நிலம் பிடித்திருந்த குடியானவரையும் அதே கலத்தில்தான் எழுதியிருப்பார்கள். அந்தக் குடிக்கு மேலே யார் என்பது வலது பக்கத்து வேலை.

இந்தப் படம் மூன்று பிரதிகளாக எடுக்கப்பட்டது. ஒன்று தசமபாக ஆணையர்களுக்கு, அது இப்போது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மற்ற இரண்டும் பிஷப்புக்கும் பாரிஷுக்கும் போயின, இன்று பெரும்பாலும் அந்த மாவட்டக் காப்பகத்தில் இருக்கும். ஒன்று கிழிந்திருந்தால் மற்றதைக் கேளுங்கள். மின்னஞ்சல் போட்டால் பதில் வருகிறது, மரியாதையாகவும் வருகிறது.

சில ஊருக்குத் தசமபாகப் படமே இருக்காது. தொலைந்துவிட்டது என்று பதற வேண்டாம். முன்பே அந்த ஊர் 'என்க்ளோஷர்' ஆகி, குருவானவருக்குத் தசமபாகத்துக்குப் பதிலாக நிலமே கொடுத்துக் கணக்கை முடித்திருப்பார்கள். நார்தாம்ப்டன்ஷயர், லெஸ்டர்ஷயர் பக்கம் இது சகஜம்.

என்க்ளோஷர் என்றால் என்ன என்று நம் ஆட்களுக்கு விளக்க எனக்கு ஒரே ஊர் போதும்: மந்தைவெளி. பெயரிலேயே மாடு மேய்கிறது, தெருவில் மேய இடமில்லை. இங்கிலாந்தில் இதைச் சட்டம் போட்டுச் செய்தார்கள். 1604-லிருந்து 1914 வரை 5,200-க்கு மேற்பட்ட சட்டங்கள், சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பொதுவயலும் மேய்ச்சலும் அளந்து துண்டாக்கி, வேலி போட்டு, உரிமையைக் காகிதத்தில் நிரூபித்தவருக்குக் கொடுத்தார்கள். ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போய் மேய்த்தவரிடம் என்ன காகிதம் இருக்கும்? அந்தப் பங்கீட்டு ஆவணமும் படமும் மாவட்டக் காப்பகத்தில்தான் இருக்கும். தசமபாகப் படம் இல்லாத ஊருக்கு அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த நம் செங்கல்பட்டு ஜாகீர் கிராமங்களை தாமஸ் பர்னார்ட் என்பவரை வைத்துக் கம்பெனிக்காரர்கள் அளந்து முடித்தது 1774-ல். தங்கள் ஊர் பாரிஷ்களைத் தசமபாகத்துக்காக அளக்க அவர்களுக்கு இன்னும் அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கோர்ட் சுருள்

சரி, வலது பக்கம். மேனர் ஆவணங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதற்குக் கியூவில் ஒரு தனிப் பதிவேடு உண்டு, 'மேனோரியல் டாக்குமெண்ட்ஸ் ரெஜிஸ்டர்' என்று பெயர். பாரிஷ் பெயரைக் கொடுத்தால் அதில் எந்தெந்த மேனர், எந்த வருடத்துச் சுருள் எந்தக் காப்பகத்தில் என்று இணையத்திலேயே காட்டும். ஆவணத்தைக் காட்டாது, முகவரியைத்தான் காட்டும். அதற்கு முன் விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரி என்ற பெருந்தொகுதியில் உங்கள் பாரிஷ் இருக்கிறதா என்று பாருங்கள். 1899-ல் தொடங்கிய வேலை, இன்னும் முடியவில்லை. பல தொகுதிகள் பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் இருக்கின்றன. ஊர் இருந்தால் அதிர்ஷ்டம்: மேனர் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற வாரிசுச் சங்கிலியை யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே கட்டி வைத்திருப்பார்.

சாதாரணக் குடியானவரின் நிலத்துக்குப் பெயர் 'காப்பிஹோல்ட்'. பெயர்க் காரணம் எளிது: அவரிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி கோர்ட் சுருளில் எழுதியதன் நகல், அதாவது காப்பி. அவர் நேராக இன்னொருவருக்குக் கிரயம் செய்ய முடியாது. கோர்ட்டுக்கு வந்து நிலத்தைப் பிரபுவின் கையில் ஒப்படைக்க வேண்டும், பிரபு அதை வாங்குகிறவருக்குக் கொடுப்பார். பல மேனர்களில் இதற்கு ஒரு குச்சி. விற்பவர் குச்சியைக் காரியஸ்தரிடம் கொடுப்பார், அவர் வாங்குகிறவரிடம் கொடுப்பார். குடியானவர் செத்தால் வீட்டிலுள்ள நல்ல மாட்டைப் பிரபு பிடித்துக்கொண்டு போகும் வழக்கமும் இருந்தது, அதற்கு 'ஹெரியட்' என்று பெயர். துக்க வீட்டில் கொட்டிலைத் திறக்கிற ஆசாமி எப்படித்தான் முகத்தைப் பார்த்தாரோ. இந்த காப்பிஹோல்ட் முறை 1926 ஜனவரி 1 அன்றுதான் ஒழிந்தது.

1733 வரை சுருள்கள் லத்தீன், நடுவே ராஜா இல்லாத குடியரசுக் காலத்துச் சில வருடங்கள் தவிர. பயப்படாதீர்கள். எனக்கும் லத்தீன் தெரியாது. ஆனால் பத்திர நடை தெரியும். "இன்ன தேதியில் இன்னாருக்கு இன்னார் எழுதிக் கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம் என்னவென்றால்" என்று தொடங்கினால் அடுத்த பத்து வரி எப்படிப் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அங்கேயும் அதே கதைதான். 'அட் ஹான்க் கூரியம் வெனிட்' என்றால் இந்தக் கோர்ட்டுக்கு வந்தார். 'சுர்சும் ரெடிடிட் இன் மானுஸ் டோமினி' என்றால் பிரபுவின் கையில் ஒப்படைத்தார். 'அட் ஓபுஸ்' என்று வந்தால் அடுத்து வரும் பெயர்தான் வாங்குகிறவர். 'டாட் டோமினோ டெ ஃபினே' என்றால் நுழைவுப் பணம் கட்டினார். அந்த 'ஃபைன்' அபராதம் இல்லை, கவனம். அபராதத்துக்கு 'மிசெரிகோர்டியா' என்ற சொல்லைத் தேடுங்கள். இந்த ஐந்தாறு தொடரை ஒரு அட்டையில் எழுதி ஒட்டிக்கொண்டேன். மீதி எல்லாம் பெயரும் பரப்பும்தான். எழுத்தைப் படிக்கப் பழகுவதற்குக் கியூவின் தளத்திலேயே இலவசப் பாடம் இருக்கிறது. பழைய கையெழுத்தில் 'சி' பார்ப்பதற்கு 'ஆர்' போலவே இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

தேதியில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் 1701 நவம்பரில் கோர்ட்டுக்கு வந்து நிலத்தை ஒப்படைக்கிறார். பாரிஷ் பதிவேட்டில் அவரை அடக்கம் செய்தது 1701 பிப்ரவரி. செத்து ஒன்பது மாதம் ஆனவர் வந்து எழுதிக் கொடுக்கிறார்! எனக்குக் கை துறுதுறுத்தது. இப்படி எத்தனை ஆள்மாறாட்டம் பார்த்திருக்கிறேன். மகளை ராத்திரி எழுப்பி, "உங்க ஊர்லயும் இதெல்லாம் நடந்திருக்கு" என்றேன். மறுநாள்தான் விளங்கியது: 1751 வரை அங்கே வருடப் பிறப்பு மார்ச் 25. நவம்பருக்கு அப்புறம் வரும் பிப்ரவரியும் அதே 1701தான், நம் கணக்குக்கு 1702. மனுஷன் முறையாக எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார். அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். 1752-ல் காலண்டரை மாற்றியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பல ஆவணங்களில் வருடமே இருக்காது, ராஜாவின் ஆட்சியாண்டுதான் இருக்கும். சோழர் கல்வெட்டில் 'யாண்டு' பார்த்த கண்ணுக்கு இது புதிதல்ல. ஒரு சிக்கல் மட்டும்: இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியது 1660-ல், ஆனால் அவருடைய கணக்கு அப்பா தலை போன 1649-லிருந்தே ஓடுகிறது. 1660-ல் வரும் முதல் ஆவணமே அவருடைய 12-வது ஆண்டு என்று இருக்கும்.

லாக்ஸ்டன்

இதையெல்லாம் திரையில் பார்த்தால் ஏதோ முடிந்துபோன கதை போலத் தோன்றும். ஜூனில் மகள் வீட்டுக்குப் போனபோது லாக்ஸ்டன் என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். நாட்டிங்ஹாம்ஷயரில்தான் இருக்கிறது. மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய பொதுவயல்கள், வேலி கிடையாது, குடியானவர்களுக்கு அங்கங்கே நீளத் துண்டு. நடுநடுவே உழ முடியாத ஈரமான புல்தரை. அந்தப் புல்லை வருடந்தோறும் ஏலம் விடுகிறார்கள் என்றார்கள். எங்கள் ஊர் ரோட்டோரப் புளியமர ஏலம் ஞாபகம் வந்தது. நவம்பர் கடைசியில் ஊர் ஜூரிகள் வயலில் நடந்து, யார் பாதையையும் புல்தரையையும் சேர்த்து உழுதுவிட்டார்கள் என்று பார்ப்பார்கள். ஒரு வாரம் கழித்து மேனர் கோர்ட் கூடி அபராதம் போடும். இப்போதும், வருடம் தவறாமல். கூடும் இடம் டவ்கோட் இன் என்ற மதுக்கடை.

இந்த ஊருக்கு 1635-ல் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்த படம் இருக்கிறது, ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில். உழுகிறவர், அறுக்கிறவர், வேட்டைக்குப் போகிறவர் எல்லோரும் எறும்பளவு அதில் இருக்கிறார்கள். வரையச் சொன்னவர் அப்போதைய மேனர் பிரபு, வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வியாபாரி. அதே 1635-ல்தான் அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட ராஜாவிடம் அனுமதி வாங்கினார். நம் சென்னை மணல்மேட்டில் கம்பெனிக்காரர்கள் இடம் பிடித்தது அதற்கு நான்கு வருடம் கழித்து.

டூம்ஸ்டேயைக் கடைசியில் பாருங்கள் என்றேன் அல்லவா, லாக்ஸ்டனில் அது பொருந்திவிடும். 1066-க்கு முன் டோச்சி என்பவரிடம் இருந்தது, 1086-ல் ஜெஃப்ரி ஆல்செலின் என்ற நார்மனிடம். ஓப்பன் டூம்ஸ்டே தளத்தில் ஊர்ப் பெயர் போட்டால் இலவசமாகவே வரும். வடக்கே நார்தம்பர்லாந்து, டரம் பகுதிகள் அதில் கிடையாது.

பழகிப் பார்க்க நம் ஊர்ச் சம்பந்தமே ஒன்று தருகிறேன். தாமஸ் பிட், 1698-லிருந்து 1709 வரை கோட்டையில் கவர்னர். டார்செட்டில் பிளாண்ட்ஃபோர்ட் செயின்ட் மேரி பாரிஷ் குருவானவரின் மகன். இங்கே வாங்கிய வைரத்தை 1717-ல் பிரெஞ்சு ராஜப் பிரதிநிதிக்கு விற்று, கார்ன்வாலில் பொக்கனாக் எஸ்டேட்டை வாங்கினார். கவர்னராவதற்கு முன்பே வில்ட்ஷயரில் ஓல்ட் சேரம் மேனரையும் வாங்கி வைத்திருந்தார். ஆள் நடமாட்டமே இல்லாத மேடு அது. ஆனால் அங்கே சில நிலத்துண்டுகளோடு ஓட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டுகளை வைத்திருந்தவர் சொன்ன ஆட்கள் 1832 வரை இரண்டு பேர் எம்.பி. ஆனார்கள். விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரியின் வில்ட்ஷயர் தொகுதியில் ஓல்ட் சேரம் பகுதியைப் படித்து நோட்டின் வலது பக்கத்தை நிரப்பிப் பாருங்கள். கார்ன்வாலில் இவ்வளவு சுலபமில்லை, அங்கே பல பாரிஷ்கள் இன்னும் அந்தப் புத்தகத் தொகுதிகளில் ஏறவில்லை.

செலவு? பெரும்பாலும் இலவசம், இன்றைய பதிவேட்டு நகலுக்குச் சில பவுண்டு. அதை அரசாங்கத் தளத்தில்தான் வாங்க வேண்டும். அச்சு அசலாக அதே தோற்றத்தில் இருந்த ஒரு தனியார் தளத்தில் பல மடங்கு கட்டி நான் ஏமாந்தேன். பதிவாளர் அலுவலக வாசலில் முப்பது வருடம் புரோக்கர்களைப் பார்த்தவனுக்கே இந்தக் கதி. 'லார்ட் ஆஃப் தி மேனர்' பட்டம் விற்பனைக்கு என்று விளம்பரமும் வரும். அதை வாங்கினால் பெயர் வரும், ஒரு சென்ட் நிலம் வராது.

மகள் பார்த்த வீடா? தசமபாகப் பட்டியலில் அந்தத் தாக்கின் பெயர் 'ஃபென் க்ளோஸ்'. ஃபென் என்றால் சதுப்பு. சுற்றியுள்ள தாக்கெல்லாம் உழவு, இது மட்டும் மேய்ச்சல். நான் பழவந்தாங்கலில் வளர்ந்தவன், தாங்கல் என்ற பெயருக்கு டிசம்பரில் என்ன அர்த்தம் என்று தெரியும். சொன்னேன். விற்பனை முகவர் தனக்குத் தெரிந்து தண்ணீர் வந்ததே இல்லை என்றாராம். பிப்ரவரியில் நாலு நாள் மழை பெய்ததும் அவளே பூட்ஸ் போட்டுக்கொண்டு போய்த் தோட்டத்தில் நின்று ஒரு படம் அனுப்பினாள். தண்ணீர் கணுக்காலுக்கு மேல். இப்போது மேட்டுப் பக்கம் வேறொரு கிராமத்தில் வீடு பார்க்கிறாள். நேற்றுதான் பாரிஷ் பெயர் வந்தது, புது நோட்டு வாங்கிக் கோடு போட்டுவிட்டேன்.